வேடியப்பனும் வாய் திறந்த முதலையும்: சுற்றுலா போன பிள்ளைகள்

பென்னாகரம் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியை:

ஏழாம் வகுப்பைத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு, அதாவது தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு, கூட்டிப் போயிருந்தோம். வீரமாக இறந்தவர்களின் நினைவாக நட்ட நடுகற்களைக் கண்டதும் இரண்டு பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். "டீச்சர், இது வேடியப்பன் சாமி. எங்க கொல்லையிலயும் இருக்கு." உண்மைதான். நம் பக்கம் ஏரிக்கரையிலும் கொல்லைமேட்டிலும் வேடியப்பனாகப் பொங்கல் வாங்கிக்கொண்டிருப்பவற்றில் பலவும் பழைய நடுகற்கள்தான். எழுதி எடுத்துப் போயிருந்த விளக்கத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "கல்லுல என்ன தெரியுது, நீங்களே சொல்லுங்க" என்றேன். வில், குறுவாள், உடம்பில் தைத்த அம்பு என்று தேடித் தேடிச் சொன்னார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், வீட்டில் ஆடுமாடு மேய்ப்பவள், காலடியில் செதுக்கியிருந்த மாடுகளைக் காட்டி, "எவனோ மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான், இவரு மறிச்சிருக்காரு" என்றாள். மாடுகளைக் கவர்வது வெட்சி, அவற்றை மீட்பது கரந்தை; இரண்டு பாடமும் அதில் முடிந்துவிட்டது. பிறகு ஒருவன் கேட்டான்: "இங்க இருக்கிற வேடியப்பனுக்கு யாரு டீச்சர் பூஜை பண்ணுவாங்க?" என்னிடம் பதில் இல்லை.

பாலக்கோடு, ஒரு அப்பா:

எங்க பொண்ணை ஸ்கூல்ல ஒகேனக்கல் முதலைப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வந்ததும் வராததுமா, "முதலை வாயைத் தொறந்தே வெச்சிருந்துச்சுப்பா, பசி இல்லயாம், சூட்டைத் தணிச்சுக்குதாம்"னு ஆரம்பிச்சா. மறுநாள் மத்தியானம் தெருநாய் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்ததைக் காட்டி, "இதுவும் அதுக்குத்தான்"னா. பரீட்சைக்குப் படிச்சிருந்தா இந்நேரம் மறந்திருப்பா. முட்டை இருக்கிற மண்ணோட சூட்டை வெச்சுத்தான் குஞ்சு ஆணா பொண்ணாங்கறது முடிவாகும்னும் சொன்னா. நான் நம்பல. அப்புறம் தேடிப் பார்த்தா, நிஜம்தான்!

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் பார்த்த சுற்றுலாக்களில் பாதி வேறு மாதிரி. ஒரே நாளில் பூங்கா, அணை, கோயில், அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்கு மிஞ்சுவது அரை மணி நேரம், அதிலும் "எல்லாரும் எழுதுங்க" என்று பெயர்ப்பலகையைக் காப்பி அடிக்க விடுவார்கள். தலையை நிமிர்த்திப் பொருளைப் பார்க்கிற பிள்ளை யார்? கடைசி சில வருடங்கள் நான் நோட்டை வேனிலேயே வைக்கச் சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தேன். பிடித்த ஒரே ஒரு பொருளை வரைய வேண்டும், அவ்வளவுதான். வரைகிறவன் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும்.

மல்லசந்திரம் மலைமேல் கற்திட்டைகளுக்கும், பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடிய பழங்கால அமைப்புகள் அவை, அப்படித்தான் போனோம். பலகைக்கல்லில் குடைந்திருக்கும் வட்டமான இடுதுளையைக் கையால் அளந்து பார்த்து, "இதுக்குள்ள பெரிய ஆள் எப்படி சார் போவாங்க?" என்று கேட்டார்கள். அது வீடல்ல, செத்தவர்களுக்காக எழுப்பியது என்று நான் சொல்ல வேண்டிய தருணம் அதுதான். வாசலிலேயே சொல்லியிருந்தால் யார் காதில் ஏறியிருக்கும்?

வேன் பேசுகிறவர்களுக்கு ஒன்று: கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர்ப் பூங்கா என்றால் செவ்வாய்க்கிழமை.