பழைய வளவு வீடு, 9 அறை விடுதி: கான்ட்ராக்டர் சொல்வது சரியா?

இரண்டாங்கட்டு கேட்டது:

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள்), இரண்டாங்கட்டு (அதற்கு அடுத்த பின்பகுதி), அடுப்படி என்று முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. மேலே பர்மா தேக்கு, கீழே ஆத்தங்குடிக் கல். 9 அறை, 25 பேர் வரை தங்கலாம். சாப்பாடு 40 பேருக்கு.

கான்ட்ராக்டர் சொல்வது: வளவு முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட்டால் மூடிவிடலாம், மழையும் வராது குரங்கும் வராது. திருட்டுப் பயத்துக்குப் பின்வாசலை நிரந்தரமாகப் பூட்டலாம். சிலிண்டரை அடுப்படியை ஒட்டிய சாமான் அறையில் வைக்கலாம், தரை இரண்டு படி இறக்கம். கழிவு எல்லாம் பழைய செப்டிக் டேங்குக்கே. இதில் எதை ஒத்துக்கொள்ளலாம்?

---

மின்கம்பி எழுதியது:

அண்ணே, முதல் மூணையும் ஒத்துக்காதீங்க. முற்றமும் பின்வாசலும்தான் அந்த வீட்டோட தீயணைப்பு ஏற்பாடு. காசு கொடுத்து அதை அடைக்கச் சொல்றார்.

அறையில தீப்பிடிச்சா ஆளைக் கொல்றது பெரும்பாலும் புகை. அது சூட்டோட மேலே ஏறும். முற்றம் திறந்திருந்தா வளவுக்கு வந்த புகை நேரா வானத்துக்குப் போயிடும். ஷீட் போட்டு மூடினா அது மேலே தேங்கி, தேங்கி, கீழே இறங்கும். சுத்தி இருக்கிற அத்தனை அறைக்கதவும் வளவைப் பார்த்துத்தானே திறக்குது? ஜன்னல்ல இரும்புக் கம்பி, வேற வழி கிடையாது. போதாததுக்கு பாலிகார்பனேட் சூட்டுல இளகித் தொங்கும். மழைக்கு மறைப்பு வேணும்னே இருந்தா ஓட்டு விளிம்புக்கு மேல 2 அடியாவது தூக்கி, நாலு பக்கமும் திறப்பா விட்டுப் போடுங்க.

பின்வாசல் உங்க இரண்டாவது வெளியேறும் வழி. ராத்திரி குறுக்குக் கட்டை போட்டு, சாவியை மேனேஜர் இடுப்புல செருகிட்டுத் தூங்கினா அது வாசல் இல்ல, சுவர். வெளியிலிருந்து திறக்க முடியாம, உள்ளே இருந்து சாவியில்லாம ஒரு திருப்புல திறக்கிற பூட்டா மாட்டுங்க. கதவு திறந்தா முகப்புல மணி அடிக்கிற மாதிரி காந்தத் தொடுப்பு ஒண்ணு வெச்சா திருட்டுப் பயமும் தீரும். நிலைப்படி எல்லாம் உயரம், புகையில தடுக்கி விழுவாங்க. ஒவ்வொரு படியிலயும் இருட்டுல ஒளிரும் பட்டை ஒட்டுங்க. அழகுக்குன்னு வளவுல பல்லக்கு, பெட்டகம்னு அடுக்கி 4 அடிப் பாதையைக் குறைச்சிடாதீங்க.

அறைக்குள்ள புகை உணரி கட்டாயம். திறந்த வளவுல வெச்சா புகை அதைத் தொடாமலே போயிடும். சாமி அறைப் பக்கம் வெச்சா சாம்பிராணிக்கெல்லாம் அலறி, கடைசில யாராவது பேட்டரியைக் கழட்டிடுவாங்க. அடுப்படிக்குப் புகை உணரி வேண்டாம், வெப்ப உணரி போடுங்க.

பழைய கட்டை வயரிங் ஒரு அடிகூட மிச்சம் இருக்கக்கூடாது. ரப்பர் உறை காய்ஞ்சு உதிர்ந்திருக்கும், பக்கத்துலயே காய்ஞ்ச மரம். அறைக்கு அறை தனி சர்க்யூட். ஒன்றரை டன் ஏசிக்கு 4 சதுர மில்லி செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்). அதை 16 ஆம்பியர் பிளக்ல சொருகி ஓட்டினா பின் தளர்ந்து சாக்கெட் உருகும். கீசருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்). சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடிச்சு ஆர்சிசிபி அடிக்கடி விழும். உடனே எலக்ட்ரீசியன் அதைத் தாண்டி நேரா இணைச்சிட்டுப் போயிடுவார். அதை மட்டும் அனுமதிக்காதீங்க. கசிவு எங்கேன்னு ஒவ்வொரு சர்க்யூட்டா கழட்டிப் பார்த்துத்தான் ஆகணும். மாசம் ஒருதரம் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க.

---

அடுப்படி ஆள் எழுதியது:

சிலிண்டர் விஷயத்துக்கு வர்றேன். எல்பிஜி காத்தை விட கனம். கசிஞ்சா தரையோட ஊர்ந்து பள்ளத்துல தேங்கும். இரண்டு படி இறக்கமான அறையில சேர்ந்தா ஃப்ரிட்ஜ் சுவிட்ச் பொறியே போதும். வெளியில, தரைமட்டத்துல, காத்தோட்டமான கம்பிக்கூண்டு கட்டுங்க. பக்கத்துல சாக்கடை வாயோ கிணறோ கூடாது. 19 கிலோ சிலிண்டர் 2 ஓட, 2 காத்திருக்க, மொத்தம் 76 கிலோ. 100 கிலோவைத் தாண்டி வெச்சா தனி உரிமம் வேணும். அடுப்பு வரைக்கும் இரும்புக் குழாய்தான், ரப்பர் டியூப் கடைசி ஒரு முழத்துக்கு மட்டும். அடுப்படிக்கு வெளியே கை எட்டுற இடத்துல மூடு வால்வு ஒண்ணு. கேஸ் உணரி தரையிலிருந்து ஒரு அடிக்குள்ள இருக்கணும். கூரையில மாட்டிட்டுப் போறவங்க உண்டு, அது வெறும் அலங்காரம். சிலிண்டர் மாத்தும்போதெல்லாம் இணைப்புல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க.

செட்டிநாட்டு அடுப்படின்னாலே எண்ணெய்ச் சட்டி இறங்காது. சீயம், கந்தரப்பம்னு வெல்லம் சேர்ந்த பலகாரம் போடும்போது மாவு வெடிச்சு வெல்லம் கசிஞ்சு அடியில கருகும், எண்ணெய் சீக்கிரம் கெடும். ஒவ்வொரு ஈட்டுக்கும் தூளை அரிச்சு எடுங்க. எண்ணெயில மொத்த துருவச் சேர்மம் (திரும்பத் திரும்பச் சூடாக்கினா உண்டாகுற கெட்ட பொருள்) 25 சதவீதத்தைத் தாண்டினா பயன்படுத்தக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கிற கைக்கருவி கிடைக்குது. கெட்ட எண்ணெயைச் சாக்கடையில ஊத்தாம, தனி டின்ல சேர்த்து பயோடீசலுக்கு வாங்குற அங்கீகாரம் பெற்றவங்க கிட்ட கொடுங்க.

எண்ணெய் பத்திக்கிட்டா கேஸை மூடணும், சட்டியை மூடணும், அவ்வளவுதான். தண்ணி ஊத்தினா 1 லிட்டர் சுமார் 1,700 லிட்டர் ஆவியா விரிஞ்சு, எரியுற எண்ணெயைக் கூரைக்குத் தூக்கி அடிக்கும். தீயணைப்புக் கருவியில வர்ற ஏபிசி பவுடர் தீயை அமுக்கும், ஆனா எண்ணெய்ச் சூடு குறையாது, மறுபடி பத்தும். அடுப்படிக்கு வெட் கெமிக்கல் கருவி. அது எண்ணெயோட சேர்ந்து சோப்பு ஏடா மூடிக்கும். கரண்ட் பலகைக்கு 4.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வளவுலயும் இரண்டாங்கட்டுலயும் 6 கிலோ ஏபிசி, எங்கிருந்து நடந்தாலும் 15 மீட்டருக்குள்ள.

புகைபோக்கியில வலை ஃபில்டர் வேண்டாம், தகடு வெச்ச பேஃபிள் ஃபில்டர்தான். தினமும் ராத்திரி வாஷிங் சோடா போட்ட வெந்நீர்ல ஊற வெச்சுக் கழுவணும். குழாய் திரும்புற இடத்துலெல்லாம் கை நுழையுற மூடி வையுங்க. உள்ள படியுற எண்ணெய்தான் தீ கூரைக்குப் போற பாதை. மூணு மாசத்துக்கு ஒருதரம் சுரண்டி எடுக்கணும். தேக்கு உத்தரத்துக்கும் குழாய்க்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்க.

---

ஊருணிக்கரை எழுதியது:

கழிவு: விடுதிக்கு ஆளுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைப்பார்கள். 25 பேருக்கு ஒரு நாளுக்கு 4,500. இரண்டு நாள் தங்கினால்தான் கசடு ஒழுங்காகப் படியும், ஆக 9,000 லிட்டர். பணியாளர் கணக்கும் கசடுக்கு இடமும் தனி. ஒரு குடும்பத்துக்குக் கட்டிய பழைய தொட்டி நிச்சயம் தாங்காது. கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் அதை அடைத்துவிடும். உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி. தொட்டியைச் சுத்தம் செய்ய லாரிதான். ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

அடுப்படித் தண்ணீரை நேராக அதில் விடாதீர்கள். முன்னால் எண்ணெய்ப் பொறித்தொட்டி (எண்ணெயை மிதக்கவிட்டுப் பிடித்து நிறுத்தும் தொட்டி) வேண்டும். மணிக்கு 1,000 லிட்டர் போனால் 500 லிட்டர்த் தொட்டி, அரை மணி தங்கும். தொட்டியை வெளியே நிழலில் வையுங்கள். வெந்நீர் சூடு ஆறாமல் போனால் எண்ணெய் உருகியபடியே கடந்துபோய்க் குழாயில் உறையும். வாரம் ஒருமுறை ஏட்டை வழிக்க வேண்டும்.

குடிநீர்த் தொட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தேய்த்துக் கழுவிய பிறகு, 1,000 லிட்டருக்கு 33 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 150 கிராம். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள், சுண்ணாம்பு அடியில் நிற்கட்டும். எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 4 மணி நேரம் விட்டு வடியுங்கள். அந்த நீர் ஊருணிக்கோ செடிக்கோ போகக்கூடாது.

வெயில் காலத்தில் பாதி அறை பூட்டியே கிடக்கும். குழாயில் தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லீஜியனெல்லா (நுரையீரலைத் தாக்கும் கிருமி) வளரும். வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் 5 நிமிடம் திறந்து விடுங்கள், கீசர் 60 டிகிரியில் இருக்கட்டும். தரை வடிகால் பொறியில் (நாற்றத்தைத் தடுக்க நீர் நிற்கும் வளைவு) நீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். ஒரு செம்பு தண்ணீர், மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

முகப்பில் உருளியில் பூ மிதக்கவிடப் போகிறீர்கள், எல்லாரும் செய்வதுதான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீரில் முட்டையிடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திர விளிம்பில் ஒட்டும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

---

மின்கம்பி எழுதியது:

கழிப்பறைக்கு ஆசிட் வாங்குவாங்க, அதே பாட்டில் ஒருநாள் தரைக்கும் வந்துடும். ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் நிறமும்தான், ஆசிட் பட்ட இடம் வெளுத்துப் பொரிஞ்சிடும், திரும்ப வராது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தா குளோரின் வாயு. ஆசிட்டையே வாசல்ல நிறுத்திடுங்க.

கேமரா முகப்பு, இரண்டு வாசல், வண்டி நிறுத்துமிடம் போதும். வெளிநாட்டு விருந்தாளி வந்தா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை அரசுக்கு ஆன்லைன்ல ஏத்தணும்.

---

இரண்டாங்கட்டு:

நன்றி. ஷீட் வேண்டாம் என்று முடிவு. குரங்குக்கு என்ன செய்வது?

---

ஊருணிக்கரை:

முற்றத்துக்கு மேல் இரும்புக் கம்பிச் சட்டம், ஓர் அங்குலக் கண்ணி வலை. புகைக்குத் தடையில்லை. வலையில் சேரும் சருகை மாதம் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் கட்டாயம் அள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் மக்கி உதிர்ந்து முற்றத்துத் தூம்பை (மழைநீர் வெளியேறும் வாய்) அடைக்கும். 50 மில்லிமீட்டர் மழையில் 500 சதுர மீட்டர் கூரை 20,000 லிட்டருக்கு மேல் அங்கேதான் கொட்டும். அத்தனையும் வளவுக்குள் ஏறும். தூம்பு வாயில் செம்புச் சல்லடை போட்டு, முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததைக் கிணற்றுக்குத் திருப்புங்கள்.