நியூயார்க் சுங்கத்தில் ஓட்டை: குற்றம் ஆள் மேலா, சட்டம் மேலா?

கணக்கன்:
1829இல் அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் தனக்கு வேண்டியவர் என்பதற்காகவே சாமுவேல் ஸ்வார்ட்வௌட்டை நியூயார்க் துறைமுக கலெக்டர் ஆக்கினார் (நம்ம ஊர் கலெக்டர் இல்லை, இறக்குமதி வரி வசூலிப்பவர்). அவருடைய வெளியுறவுச் செயலர் வான் ப்யூரன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 1838இல் பதவி முடிந்து ஆள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பிறகு கணக்கைப் பார்த்தால் 12 லட்சம் டாலருக்கு மேல் துண்டு விழுகிறது. கட்சிக்காரரிடம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

உப்புக்காற்று:
திருடினார், சரி. ஆனால் பணம் அவர் கையில் எப்படித் தங்கியது என்று யாரும் கேட்பதில்லை. எலியட் என்ற வியாபாரி பருத்திக் கரை வைத்த கம்பளிநூல் சால்வைகளை இறக்கினார், கலெக்டர் ஸ்வார்ட்வௌட் அதை வரி அதிகமான கம்பளித் துணி வகையில் சேர்த்து வரி போட்டார். 1836இல் உச்ச நீதிமன்றம், ஆட்சேபம் சொல்லிவிட்டுக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு கலெக்டர் மேலேயே வழக்குப் போடலாம் என்றது. தோற்றால் நம் சொத்து போகும் என்று எந்த கலெக்டரும் பயப்படத்தான் செய்வார், அதைக் காரணம் காட்டியே தகராறுப் பணத்தைக் கருவூலத்துக்கு அனுப்பாமல் கையில் வைத்துக்கொண்டார்கள். 1839இல்தான் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), அந்தப் பணத்தையும் கருவூலத்தில் கட்டவேண்டும் என்று சட்டம் போட்டு அந்தக் கதவை அடைத்தது. யாரை நியமித்திருந்தாலும் அந்தப் பணம் அங்கேதான் கிடந்திருக்கும்.

கணக்கன்:
தீர்ப்பு 1836இல், சார். ஸ்வார்ட்வௌட் கைவைக்க ஆரம்பித்தது 1830இலேயே என்று கருவூலச் செயலரின் அறிக்கை சொல்கிறது. ஆறு வருடம் கழித்து வந்த தீர்ப்பு எப்படிக் காரணமாகும்?

பழைய சரக்கு:
இரண்டு பேரும் கல்லாவையே பார்க்கிறீர்கள். நிஜ அடிதடி சரக்கின் விலையில்தான். 1790 சட்டப்படி வாங்கிய விலையோடு 10 சதவீதம் கூட்டி, அதன் மேல் வரி போடுவார்கள். நன்னம்பிக்கை முனைக்கு அப்பாலிருந்து, அதாவது இந்தியா, சீனா பக்கமிருந்து வந்த சரக்கு என்றால் 20 சதவீதம் கூட்டவேண்டும். ஆக, பில்லில் விலையைக் குறைத்து எழுதினால் லாபம். இந்த ஏமாற்றைப் பிடிக்கத்தான் 1818இல் நியூயார்க், பாஸ்டன் மாதிரிப் பெரிய துறைமுகங்களில் மதிப்பீட்டாளர்களை ஜனாதிபதியே நியமிக்க வழி செய்தார்கள்.

அதற்கு முன்னால் 1816இல் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். சதுர கெஜம் 25 சென்ட்டுக்குக் குறைந்த பருத்தித் துணி எதுவானாலும் 25 சென்ட் என்றே வைத்து அதில் 25 சதவீதம் வரி, அதாவது ஆறேகால் சென்ட். 8 சென்ட் துணிக்கு ஆறேகால் சென்ட் வரி என்றால் யார் இறக்குவார்கள்? அடி விழுந்தது இந்தியாவின் முரட்டுத் துணிக்கு, ஆதாயம் மாசசூசெட்ஸ் மில்லுக்கு. விலையைச் சட்டமே எழுதிவிட்டதால் மதிப்பீட்டாளருக்கு அங்கே வேலையே இல்லை. லஞ்சமும் இல்லை, நியாயமும் இல்லை!

கணக்கன்:
அப்படியென்றால் 1890இல் இந்த மதிப்பு, வரித் தகராறுகளைத் தீர்க்க ஒன்பது பேர் கொண்ட பொது மதிப்பீட்டாளர் வாரியம் அமைத்தபோது, ஒரே கட்சியிலிருந்து ஐந்து பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஏன் எழுதினார்கள்? நோய் எங்கே என்று தெரிந்துதானே? அதிலும் ஷர்ட்லெஃப் என்பவரை 1899இல் காரணம் சொல்லாமலே நீக்கினார்கள், ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 1903இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

உப்புக்காற்று:
கட்சியே வேண்டாம் என்றால் 1842 ஏற்பாட்டைப் பாருங்கள். சுங்கம் போட்ட மதிப்பு இறக்குமதியாளருக்குப் பிடிக்காவிட்டால் அந்தச் சரக்கு தெரிந்த இரண்டு வியாபாரிகள் மறுபடி மதிப்பிடுவார்கள். பக்கத்துக் கடைக்காரர் உங்கள் பேலைப் பிரித்து, துணியைத் தடவிப் பார்த்து விலை சொல்வார், சம்மதமா?

கணக்கன்:
அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது யார்? கலெக்டர். அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் முடிவு சொல்வது? அதுவும் கலெக்டர். அவரை நியமித்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.