ஏஎம்டி64 கணினியில் ஆர்ம்64 கன்டெய்னர்: எமுலேஷன் போதுமா?

முனையன்:
எங்கள் குழுவில் எல்லாரும் ஏஎம்டி64 (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர் வகை, எக்ஸ்86 என்றும் சொல்வார்கள்) லினக்ஸில் வேலை செய்கிறோம். சர்வர்களில் ஒரு பகுதி ஆர்ம்64 என்ற வேறு ப்ராசஸர் வகைக்கு மாறப் போகிறது. ஒரே பெயர், ஒரே டேக், இரண்டுக்கும் கன்டெய்னர் இமேஜ் (நிரலும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய தொகுப்பு) வேண்டும். சில சேவைகள் கோ மொழியில், சில பைத்தானில் (சி நீட்சிகளோடு), ஒன்று சி++. கியூஎமு (ஒரு ப்ராசஸருக்கான நிரலை இன்னொன்றில் ஓட்டும் எமுலேட்டர்) வைத்து பில்ட் ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் சி++ பகுதி முடிவதற்குள் பொறுமை போய்விடுகிறது. இதையே நம்பிப் போகலாமா?

பொறுமைசாலி:
தாராளமாகப் போகலாம். கர்னலில் உள்ள பின்எஃப்எம்டி மிஸ்க் என்ற வசதி, எல்ஃப் (லினக்ஸின் இயங்கு கோப்பு வடிவம்) கோப்பின் தலைப்பு பைட்டுகளைப் பார்த்து, ஆர்ம்64 என்றால் கியூஎமுவிடம் ஒப்படைத்துவிடும். டாக்கர்ஃபைலில் (இமேஜ் கட்டும் செய்முறைக் கோப்பு) ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். டாக்கரின் பில்ட் கருவியான பில்டெக்ஸில் இரண்டு பிளாட்ஃபார்மையும் காற்புள்ளி போட்டுக் கொடுங்கள். இரண்டு இமேஜும் ஒரே மேனிஃபெஸ்ட் பட்டியலில் இமேஜ் கிடங்கான ரெஜிஸ்ட்ரிக்குப் போகும். இழுக்கும் சர்வர் தனக்கானதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பின்எஃப்எம்டி மிஸ்கில் கியூஎமுவுக்கான பதிவில் 'எஃப்' கொடி இருக்க வேண்டும் (லினக்ஸ் 4.8 முதல் உண்டு). அது இருந்தால் பதிவு செய்யும்போதே கர்னல் கியூஎமுவைத் திறந்து வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கன்டெய்னருக்குள் போய்த் தேடும், கிடைக்காது, "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று சொல்லும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் தலை சுற்றும்!

இரவுப்பறவை:
முழுக்க மறுக்கிறேன். கம்பைலரையே எமுலேட் செய்வது வீண் வேலை. இன்னொரு ப்ராசஸருக்கு கோடு எழுத கம்பைலருக்கு அந்த ப்ராசஸர் எதற்கு? கோ மொழிக்கு டாக்கர்ஃபைலின் முதல் கட்டத்தை பில்ட் நடக்கும் கணினியின் பிளாட்ஃபார்முக்கே பூட்டுங்கள். பில்டெக்ஸ் தரும் இலக்குக் கட்டமைப்பு மாறியை கோ கம்பைலரிடம் கொடுங்கள், சி கோடை இணைக்கும் சிகோவை அணைத்துவிடுங்கள். கம்பைலர் சொந்த வேகத்தில் ஓடும். கடைசிக் கட்டத்தில் பைனரியைப் பிரதி எடுப்பது மட்டும்தான் மிச்சம், அங்கே கியூஎமுவுக்கு வேலையே இல்லை.

சி++க்கு டெபியனில் ஆர்ம்64 கிராஸ் கம்பைலர் (வேறு ப்ராசஸருக்கு கோடு உருவாக்கும் கம்பைலர்) தொகுப்பு இருக்கிறது. டெபியனின் தொகுப்பு நிர்வாகியான டிபிகேஜியில் ஆர்ம்64-ஐக் கூடுதல் கட்டமைப்பாகச் சேர்த்தால் அதற்கான நூலகங்களையும் நிறுவலாம்.

பொறுமைசாலி:
கோ மொழி சரி, வாதமே இல்லை. பைத்தானை ஏன் தாண்டிப் போனீர்கள்? சி நீட்சிகளின் பில்ட் நிரல்கள் பலவும், தாங்கள் ஓடும் பைத்தானையே இலக்கு என்று எடுத்துக்கொள்ளும். அதைத் திசைதிருப்பும் நேரத்தில் கியூஎமு பில்ட் இருமுறை முடிந்துவிடும்.

இரவுப்பறவை:
நீட்சியை ஏன் கம்பைல் செய்ய வேண்டும்? பிரபலமான தொகுப்புகள் பலவற்றுக்கும் ஆர்ம்64 வீல் (முன்பே கம்பைல் செய்த பைத்தான் தொகுப்பு) தயாராக இருக்கிறது, பைத்தானின் நிறுவல் கருவி பிப் இறக்கிக்கொண்டால் போதும். முனையன், உங்கள் அடிப்படை இமேஜ் ஆல்பைன் லினக்ஸா? அது மஸல் என்ற சி நூலகத்தில் ஓடுவது, டெபியன் பயன்படுத்தும் ஜிலிப்சிக்கான வீல்கள் அங்கே செல்லாது. மஸலுக்கென்று தனி வீல் இல்லாத தொகுப்பை பிப் மூலத்திலிருந்து கம்பைல் செய்யப் போய்விடும். பைத்தான் பில்ட் தவழ்ந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

முனையன்:
ஆமாம், ஆல்பைன்தான். டெபியன் ஸ்லிம்முக்கு மாற்றிப் பார்க்கிறேன்.

கர்னல்வாசி:
இருவரும் பில்ட் பற்றியே பேசுகிறீர்கள். சோதனை எங்கே நடக்கிறது? கியூஎமுவின் யூசர் மோட் கட்டளைகளை மட்டும்தான் மொழிபெயர்க்கிறது, சிஸ்டம் கால்கள் (நிரல் கர்னலிடம் கேட்கும் வேலைகள்) உங்கள் ஏஎம்டி64 கர்னலுக்கே போகின்றன. அதாவது ஆர்ம் கர்னலை நீங்கள் தொட்டதே இல்லை. ஆர்ம்64 கர்னலின் நினைவகப் பக்க அளவு 4, 16 அல்லது 64 கேபி ஆக இருக்கலாம். ராஸ்பெரி பை 5-இன் இயல்பான கர்னல் 16 கேபி. 4 கேபிக்கு என்று கட்டிய ஜெமலாக் (நினைவக ஒதுக்கீட்டு நூலகம்) அங்கே எழும்பவே எழும்பாது. உங்கள் லேப்டாப்பில் எல்லாம் பச்சையாகத் தெரியும்.

இதைவிட மோசமானது நினைவக வரிசை. எக்ஸ்86 எழுதும் வரிசையைக் கறாராகக் காப்பாற்றும், ஆர்ம் அப்படியில்லை. பூட்டு இல்லாமல் எழுதிய சி++ கோடில் ஒரு பேரியர் (வரிசையைக் கட்டாயமாக்கும் கட்டளை) விடுபட்டிருந்தால், எக்ஸ்86 மேல் ஓடும் எமுலேஷன் அதை மறைத்துவிடும். உண்மையான ஆர்ம் சர்வரில், அதுவும் சுமை ஏறும்போது வெடிக்கும். அப்போது கிடைக்கும் ஸ்டாக் ட்ரேஸைப் பார்த்து ஒன்றும் புரியாது.

பொறுமைசாலி:
இது கொஞ்சம் பயமுறுத்தல். எத்தனை பேர் பூட்டில்லாத கோடு எழுதுகிறார்கள்? ஐபிஎம் மெயின்ஃப்ரேம் கட்டமைப்பான எஸ்390எக்ஸை ஆதரிக்கும் திறமூலத் திட்டங்களைப் பாருங்கள், வீட்டில் மெயின்ஃப்ரேம் வைத்திருப்பவர் யார்? பைட் வரிசை தலைகீழாக உள்ள கட்டமைப்பில் வரும் பிழைகளை கியூஎமுதான் பிடித்துக் கொடுக்கிறது.

கர்னல்வாசி:
எஸ்390எக்ஸ்க்கு ஒப்புக்கொள்கிறேன், அங்கே வேறு வழியில்லை. ஆனால் முனையனிடம் ஆர்ம் சர்வர் வரப்போகிறதே! அதில் ஒன்றை பில்டெக்ஸில் எஸ்எஸ்ஹெச் வழியாக இரண்டாவது நோடாகச் சேர்த்தால் ஆர்ம்64 பில்ட் தானாக அங்கே ஓடும். சோதனையும் அங்கேயே. இன்னொன்று, கியூஎமு யூசர் மோடில் பிட்ரேஸ் (ஒரு நிரல் இன்னொன்றைக் கண்காணிக்க உதவும் சிஸ்டம் கால்) கிடையாது. பிழை தேடும் கருவிகளான எஸ்ட்ரேஸ், ஜிடிபி இரண்டும் வழக்கம்போல் ஒட்டாது. கோளாறு வந்தால் எதை வைத்துத் தேடுவீர்கள்?

பொறுமைசாலி:
ஜிடிபிக்கு வழி உண்டு. கியூஎமுவுக்குள்ளேயே ஜிடிபி ஸ்டப் (ஜிடிபி வந்து இணையும் பகுதி) இருக்கிறது, போர்ட் எண் கொடுத்து இணைக்கலாம். எஸ்ட்ரேஸுக்குப் பதில் அதன் சொந்த எஸ்ட்ரேஸ் விருப்பம் இருக்கிறது.

இரவுப்பறவை:
சூடோவையும் சொல்லுங்கள். பதிவில் 'சி' கொடி இல்லாவிட்டால் எமுலேஷனில் செட்யூஐடி (கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தில் நிரலை ஓட்டும் வசதி) வேலை செய்யாது, பில்டுக்குள் சூடோ கூப்பிடும் ஸ்கிரிப்ட் எல்லாம் தடுக்கி விழும்.

முனையன்:
சரி. கோவும் சி++உம் கிராஸ் கம்பைல், பைத்தானுக்கு ஸ்லிம் இமேஜும் வீலும், சோதனை ஆர்ம் சர்வரில். இதே சர்வரில் பழைய 32 பிட் ஆர்ம்வி7 இமேஜையும் கட்டலாமா? ஒரு வாடிக்கையாளர் இன்னும் விடவில்லை.

கர்னல்வாசி:
சிப்பைப் பொறுத்தது. சில ஆர்ம்64 சிப்கள் 32 பிட் கோடை நேரடியாக ஓட்டும். ஆப்பிளின் எம்1 போன்றவற்றில் அந்த வசதியே இல்லை. வாங்கும் முன் சிப்பின் ஆவணத்தில் ஏஆர்க்32 (ஆர்மின் 32 பிட் முறை) என்று தேடிப் பாருங்கள்.

பொறுமைசாலி:
இல்லையென்றால் கியூஎமுவை நிறுவிக்கொள்ளுங்கள், அது ஆர்ம்64 மேலும் ஓடும். கர்னல்வாசி கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.