மறு: ‘அப்ரூவல் ரேற்றிங்’ – மக்கள் இசைவு?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ‘அப்ரூவல் ரேற்றிங்’ (approval rating), அதாவது பதவியிலிருப்பவர் வேலை செய்யும் விதம் சரி என்று கருத்துக்கணிப்பில் சொல்வோர் எத்தனை வீதம் (சதவீதம்) என்ற எண்ணுக்கு, தமிழில் என்ன சொல் என்பதே நம் பேச்சு.

> ‘ஒப்புதல் மதிப்பீடு’ என்றே எழுதிவிடலாமே. புதுச்சொல் எதற்கு?

எழுதலாம்தான் ஐயா. ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘ஒப்புதல்’ என்றதும் அடுத்ததாக வாயில் வருவது ‘வாக்குமூலம்’. 1979 முதல் இருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் சாட்சியமாக ஏற்கிறது. அந்தச் சட்டத்தோடு வளர்ந்த சனத்திடம் “சனாதிபதிக்கு 60 வீதம் ஒப்புதல்” என்றால் காதுக்குச் சரியாக இருக்காது.

‘அங்கீகாரம்’ பற்றியும் பேச்சு வந்தது. உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களுக்கு இப்படியொரு கருத்துக்கணிப்பு அட்டவணையைத் தமிழில் நிரப்பக் கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளை முதல் நிரலுக்கு ‘அங்கீகாரம்’ என்று போட்டு, எதிர் நிரலுக்கு ‘அங்கீகாரம் இரத்து’ என்று எழுதியிருந்தாள். பிழை சொல்ல மனம் வரவில்லை. தேர்தல் ஆணைக்குழு கட்சிகளுக்குக் கொடுப்பதும் எடுப்பதும் அதுதானே.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, எதிர்ச்சொல் தடையில்லாமல் பிறக்கிறதா என்பதை. அமெரிக்காவில் கலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1930களின் பிற்பகுதியிலிருந்து 2025 வரை ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்தது: இவர் சனாதிபதியாகத் தன் வேலையைச் செய்யும் விதம் உங்களுக்குச் சரியா, சரியில்லையா? விடை மூன்று வகை. சரி, சரியில்லை, கருத்தில்லை. பதவியேற்ற முதல் வாரங்களில் இந்த மூன்றாவதைக் கவனிக்காவிட்டால் கணக்குப் பிழைக்கும். 1981 சனவரியில் றேகனுக்குச் சரி என்றவர்கள் 51 வீதம், சரியில்லை என்றவர்கள் 13 வீதம்தான். மிச்சப் பேர் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்தவர்கள். 2021இல் பைடனுக்கு 57, எதிர் 37. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் பைடன் மேலே நிற்கிறார். கழித்துப் பார்த்தால் றேகனுக்கு 38, பைடனுக்கு 20. 2017இல் ட்ரம்ப் 45க்கு 45, கழித்தால் பூச்சியம். ஆக நமக்குத் தேவை ஒரு சொல் இல்லை, சரிக்கும் சரியில்லைக்கும் கழித்து வரும் எண்ணுக்கும் பொருந்தும் ஒரு சொற்குடும்பம்.

> ‘ஆதரவு’ போதாதா? எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் வாக்கோடு கலந்துவிடும். நம்மூர்க் கணக்கையே எடுங்கள். 2024 செப்டெம்பர் 21 சனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் அனுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 7 வீதத்துக்குச் சற்று மேல். நவம்பர் 14 பொதுத்தேர்தலில் அதே மாவட்டத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு ஏறக்குறைய 25 வீதம், 6 ஆசனங்களில் 3. இடையில் எட்டு வாரம்கூட இல்லை. இதில் எவ்வளவு புதிய சனாதிபதியின் வேலை பிடித்துப் போட்ட வாக்கு, எவ்வளவு நம்முடைய கட்சிகள் மேல் வந்த சலிப்பு? வாக்குப் பெட்டி அதைச் சொல்லாது. தனியாகக் கேட்டால்தான் தெரியும். வாக்களித்தவருக்கே அவருடைய வேலை பிடிக்காமல் இருக்கலாம், எதிர்த்தவருக்குப் பிடித்தும் இருக்கலாம். ‘ஆதரவு’ வாக்குக்கே இருக்கட்டும். ‘திருப்தி’யையும் விட்டுவிடுவோம், நாட்டின் போக்குப் பற்றிய வேறொரு கேள்விக்கு அது வேண்டும்.

‘ஏற்பு’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் புதிய சனாதிபதி பற்றிய செய்தியில் ‘பதவியேற்பு’ பக்கத்திலேயே நிற்கும். “பதவியேற்புக்குப் பிந்திய ஏற்பு” என்று யார் எழுதுவது!

என் தெரிவு ‘இசைவு’. எதிர்ச்சொல் ‘இசைவின்மை’ தானாக வருகிறது. கழித்து வரும் எண்ணை இலங்கைக் கணக்கியல் வழக்கில் ‘தேறிய இசைவு’ எனலாம், தேறிய இலாபம் போல. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘நிகர இசைவு’ என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஒரு சிக்கல் உண்டு: “சனாதிபதியின் இசைவு” என்றால் சனாதிபதி எதற்கோ சம்மதித்தது போலாகிவிடும். அதனால் ‘மக்கள் இசைவு’ என்று முன்னொட்டோடு, “சனாதிபதிக்கு மக்கள் இசைவு” என்று நான்காம் வேற்றுமையில் எழுத வேண்டும்.

> பின்னால் ‘வீதமா’, ‘விகிதமா’?

இரண்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் உங்களுக்கு வட்டி விகிதம், இலங்கையில் எங்களுக்கு வட்டி வீதம். எங்களுக்கு விகிதம் என்றால் 3:2 போன்றது. போதாக்குறைக்கு இங்கே சதவீதத்தையும் ‘வீதம்’ என்றே சுருக்கிவிடுகிறோம். “இசைவு வீதம் 62 வீதம்” என்று எழுதினால் ஒப்புநோக்குபவர் ஒன்றை வெட்டிவிடுவார். “மக்கள் இசைவு 62 வீதம்” போதும்.

62ஐச் சும்மா சொல்லவில்லை. கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசேர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 2024 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கு 7 வீதமாக இருந்தது, 2025 பெப்ரவரியில் 62 வீதம். கவனியுங்கள், கேட்டது அரசாங்கத்தைப் பற்றி. சனாதிபதி வேறு, அரசாங்கம் வேறு. நம் தலைப்புகளில் இரண்டும் ஒன்றாகிப் போவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எனவே அகராதிப் பதிவில் ‘யாருக்கு’ என்பதையும் காட்டும்படி இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் சேர்த்து அனுப்புகிறேன்.

‘தேனிலவுக் காலம்’ (புதிதாகப் பதவியேற்றவர் மேல் சனத்துக்கு நல்லெண்ணம் இருக்கும் முதல் மாதங்கள்) பற்றிக் கேட்டவருக்கு: பத்திரிகைகளில் ஊறிவிட்டது, கிடக்கட்டும். ‘தொடக்கக்கால இசைவு’ என்றால் அட்டவணைக்கு உதவும். ‘இசைவு’ இயற்பியல், உயிரியல் பட்டியல்களில் எங்காவது இடிக்கிறதா என்று அந்தத் துறைக்காரர் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ. ‘இசைவாக்கம்’ (உயிர்கள் சூழலுக்கேற்ப அமைவது) உயிரியலில் இருப்பது தெரியும். அது இடிக்காது என்றே நினைக்கிறேன்.