‘நிலை’, ‘நிலவரம்’: கேடிபி கட்டளைகளை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸில் பிழை தேட உதவும் கேடிபி என்ற வழுநீக்கியின் உதவிக் குறிப்பைத் தமிழாக்கியபோது ‘ஸ்டேட்’, ‘ஸ்டேட்டஸ்’ இரண்டையும் ‘நிலை’ என்றே எழுதியிருந்தேன். அது தவறு, இரண்டுக்கும் வேறு சொற்கள் வேண்டும் என்று நீங்கள் சுட்டியதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவதை ‘நிலைமை’ ஆக்கலாம் என்ற உங்கள் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு ‘மை’யை மட்டும் நம்பி நிற்கும் வேறுபாட்டை அடுத்து வரும் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் குழப்பிவிடுவார்.

2010இல் வெளியான லினக்ஸ் 2.6.35 கருனியில் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில்) சேர்ந்த இந்த வழுநீக்கியில் ‘சிபியு’ என்று மட்டும் தட்டினால், நாம் எந்த மையச்செயலியில் (சிபியு) நிற்கிறோம் என்பதையும் மற்றவை என்ன செய்கின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லும். செயலியின் எண்ணை ஒட்டி ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து (புதிய கருனிகளில் அதற்குப் பதிலாகச் சிறுகோடு) வந்தால் அந்தச் செயலி வேலையின்றிச் சும்மா இருக்கிறது. ‘டி’ வந்தால் பயன்பாட்டில் இருந்தும் வழுநீக்கியின் அழைப்புக்கு மறுமொழி தரவில்லை. ‘எஃப்’ வந்தால் கருனி அதைப் பயன்பாட்டிலேயே வைத்திருக்கவில்லை. ‘ஆர்டி’ கட்டளை காட்டுவதோ வேறு: அடுத்த ஆணையின் முகவரி, அடுக்குச் சுட்டு (ஸ்டாக் பாயிண்டர்) உட்பட, ஓட்டம் நின்ற கணத்தில் பதிவகங்களில் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களில்) இருந்த மதிப்புகள். அவற்றைத் திரும்ப ஏற்றினால்தான் விட்ட இடத்திலிருந்து ஓட்டம் தொடரும். முன்னது செயலியைப் பற்றிய சேதி, பின்னது செயலிக்குள் இருக்கும் சரக்கு.

ஆகவே பின்னதற்கு ‘செயலி நிலை’ இருக்கட்டும், முன்னதற்குச் ‘செயலி நிலவரம்’ என்று முன்மொழிகிறேன். தங்க விலையையும் அணை நீர்மட்டத்தையும் நினைவூட்டும் செய்தித்தாள் சொல் என்று சிலர் தயங்கலாம். எனக்கு அதுவே அதன் தகுதியாகத் தோன்றுகிறது. இந்த நேரத்தில் கேட்டால் இப்படி, சற்றுப் பொறுத்துக் கேட்டால் வேறு என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ‘நிலவரக் குறி’, ‘நிலவரக் கட்டளை’ என்று தொகையாகவும் இயல்பாக வரும். ‘நிலை’ பக்கம் ‘நிலைமாற்றம்’, ‘நிலைச்சேமிப்பு’ தனியே நிற்கும்.

கைப்பேசி ஆப்பையும் ‘செயலி’ என்கிறோமே என்றால், இந்த ஆவணத்தில் ஆப் எங்கும் வராது. முதல் இடத்தில் மட்டும் ‘மையச்செயலி’ என்று எழுதினால் போதும்.

இன்னொன்று. சோதனைக் கணினி ஒன்று உறைந்து, ‘1’ஐ ஒட்டி ‘டி’ நின்றதைப் பார்த்தபோதுதான் உறைத்தது: ‘ஐ’க்கு நான் போட்டிருந்த ‘செயலற்ற’ என்ற சொல் அந்த ‘டி’க்கும் அப்படியே பொருந்துகிறது. ‘ஐ’க்கு ‘வாளா’ (சும்மா) என்று வைத்து, ‘வாளா இருக்கும் செயலி’ என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியுமா, அல்லது ‘வேலையின்றி’ என்றே விட்டுவிடலாமா?