கடன் வாங்கிக் கழிப்பதா, இனமாற்றமா? மூன்றாம் வகுப்புக் கணக்குச் சொற்கள் பற்றி

காட்பாடித் தாய்:
என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், தமிழ் வழி. 52-இலிருந்து 27-ஐக் கழிக்க நான் சொல்லிக்கொடுத்தபடி "பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொண்டே செய்வாள். விடை 25 சரியாக வருகிறது. ஆனால் பள்ளியில் அதை "இனமாற்றம்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். கடன் என்று எழுதியதற்கு ஒரு மதிப்பெண்ணும் போய்விட்டது. வகுபடும் எண், வகுத்தலின் விடைக்கு ஈவு என்று புத்தகம் முழுக்க இப்படித்தான் இருக்கிறது. எந்த வீட்டில் ஈவு என்று பேசுகிறார்கள்? எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் இதையெல்லாம் ஏன் திணிக்க வேண்டும்?

குடியாத்தம் ஆசிரியை:
சகோதரி, மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எவ்வளவு கடன் வாங்கினாய்?" "ஒன்று" என்பாள். என் வகுப்பிலும் அதுதான் பதில். அந்த ஒன்று இந்தப் பக்கம் வந்ததும் எப்படிப் பத்தாயிற்று என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர் எங்களுடையது. மருந்து வைக்காத வெறும் குச்சிகளை வகுப்புக்கு எடுத்துச் செல்வேன். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. அதிலிருந்து 27 எடுக்க வேண்டும். உதிரியில் ஏழு இல்லை. ஒரு பிள்ளை எழுந்து வந்து ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. மொத்தம் அதே 52. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, திருப்பித் தர வேண்டியதும் இல்லை. பத்து என்ற இனம் ஒன்று என்ற இனமாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 302-இலிருந்து 145 கழிக்கும்போது இந்த வேறுபாடு தெரியும். கடன் கேட்கப் போனால் பக்கத்தில் சுழி நிற்கிறது! நூறைப் பத்துகளாகவும், அதில் ஒரு பத்தை ஒன்றுகளாகவும் மாற்றத் தெரிந்த பிள்ளை அங்கே தடுமாறாது.

கோட்டைவாசி:
அம்மா, உங்கள் வகுப்பில் வேலை செய்தது ரப்பர் வளையம். "இனமாற்றம்" என்ற சொல் அல்ல. அந்தச் சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போயிருந்தால் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

"கடன்" தவறான சொல் என்பதை ஏற்கிறேன். ஆனால் சரியான சொல்லும் பிள்ளைகளிடமே இருக்கிறது: சில்லறை மாற்றுவது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கப் போகும் பிள்ளைக்கு நூறு ரூபாயைப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றினால் மதிப்பு குறையாது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கால், அரை, முக்கால், ஒன்றரை எல்லாம் மளிகைக் கடையிலேயே காதில் விழுந்துவிடுகின்றன. நம் பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியில் அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கடையில் புழங்கிய சொற்களே திண்ணைப் பள்ளியிலும் கணக்குச் சொற்களாக இருந்தன.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கு ஏற்பப் பிரித்தது. சொல்லுக்கும் அதே நியாயத்தைக் கொடுங்கள். முதலில் சில்லறை. கை பழகிய பிறகு இனமாற்றம்.

பேரணாம்பட்டு வாசகர்:
வீட்டுச் சொல் என்கிறீர்களே, யார் வீட்டுச் சொல்? எங்கள் வீட்டில் உருது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் வீட்டில் தெலுங்கு. ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் ஒரே வகுப்பில் மூன்று மொழிகள் இருப்பது சாதாரணம். தமிழ் வழியில் படித்த எனக்குக் கூட்டல், கழித்தல், ஈவு, மீதி எல்லாமே பள்ளியில் கிடைத்தவைதான். அந்தச் சொற்கள் எல்லோருக்கும் ஒரே அளவு புதியவை. அதனால் வகுப்பில் நான் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. புத்தகச் சொல்லைத் தள்ளிப்போட்டால் முதலில் பின்தங்குவது எங்களைப் போன்ற பிள்ளைகள்தான்.

கோட்டைவாசி:
நியாயமான பேச்சு, தம்பி. ஆனால் சில்லறை மாற்றுவது என்ன என்று எந்த மொழி பேசும் வீட்டிலும் தெரியும். நான் கேட்பது அந்த அனுபவத்திலிருந்து தொடங்குங்கள் என்பதைத்தான். அதற்குரிய சொல்லை ஒவ்வொரு பிள்ளையும் தன் மொழியிலேயே சொல்லட்டும்.

குடியாத்தம் ஆசிரியை:
தொடங்கலாம் ஐயா. ஆனால் வீட்டுச் சொல் எவ்வளவு தூரம் வரும் என்று பாருங்கள். வகுத்தலை வீட்டில் "பங்கு போடுவது" என்றே சொல்லித் தருகிறார்கள். 12 மிட்டாய், 3 பேர், ஆளுக்கு 4. சரி. பீடி சுற்றும் வீட்டில் 25 பீடி ஒரு கட்டு, ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு? 40. இதுவும் வகுத்தல்தான், ஆனால் இங்கே பங்கு வாங்க யாரும் இல்லை. "25 பேர் யார் டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. 6 லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டுகளில் அடைத்தால் 12 பாக்கெட். அரை ஆளுக்குப் பங்கு போட முடியுமா? பங்கிடுவதையும் கட்டுக் கட்டுவதையும் ஒன்றாகப் பிடித்து வைப்பதற்குத்தான் வகுத்தல் என்ற சொல் வேண்டும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. "மீனாவிடம் 12 புளியங்கொட்டைகள் இருக்கின்றன. அது சலீமிடம் இருப்பதைவிட 5 அதிகம். சலீமிடம் எத்தனை?" பாதி வகுப்பு 17 என்கிறது. விடை 7. "அதிகம் என்று வந்தால் கூட்டு" என்று யாரோ குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்த சொல் என்பதாலேயே பிள்ளை வாக்கியத்தை முழுதாகப் படிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. ஈவு, மீதி போன்ற சொற்களில் இந்தத் தொல்லை குறைவு.

காட்பாடித் தாய்:
மகளிடம் கேட்டேன். "ஒன்று" என்றுதான் சொன்னாள். இனி கடன் என்ற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. சில்லறை மாற்றியே சொல்லித் தருகிறேன். ஆனாலும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அவள் நாளை "சில்லறை மாற்றினேன்" என்று எழுதினால் மதிப்பெண் உண்டா, இல்லையா?

குடியாத்தம் ஆசிரியை:
என் வகுப்பில் முழு மதிப்பெண் உண்டு. பக்கத்தில் "இனமாற்றம்" என்று நான் எழுதிக் கொடுப்பேன். அடுத்த முறை அவள் எழுத வேண்டும். நான்காம் வகுப்பிலும் சில்லறை என்றே எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோட்டைவாசி:
நான்காம் வகுப்பிலும் மதிப்பெண்ணை வெட்டக் கூடாது என்பதே என் கருத்து. 302-இல் எந்த நூறு எத்தனை பத்தாயிற்று என்று காட்டத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லுக்காக மதிப்பெண் குறைப்பதை எந்த வகுப்பிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.