பொருள்: மறு: இடைமுக வரிசையெண்? நாளைக்குள்ள ஒரு சொல் வேணும்

பாளையங்கோட்டைக்காரர்:
வணக்கம் அண்ணாச்சிமாரே. நாளைக்கு லேப்ல லினக்ஸ் நெட்வொர்க் கிளாஸ், தமிழ்ல நோட்ஸ் அடிக்கேன். இன்டர்ஃபேஸ் இண்டெக்ஸ்ல, அதான் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கோட சேருத ஒவ்வொரு வாசலுக்கும் (இடைமுகத்துக்கும்) உள்ள நம்பர்ல, வந்து நிக்கி. பேரை நாம மாத்திக்கிடலாம், கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) உள்ளுக்குள்ள புடிச்சுக்கிடுதது நம்பரைத்தான், லூப்பேக்குக்கு (கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கிடுத இடைமுகம்) 1, பொறவு வாரதுக்கு 2, 3ன்னு. 'இடைமுக வரிசையெண்'னு போடட்டா?

தென்காசிக்காரர்:
வரிசையெண் ஆகாதுவே. யுஎஸ்பி வைஃபையைப் புடுங்கிட்டு மறுபடி சொருகிப் பாரும், 3 போயி 4 ஆயிருக்கும், 3 காலியாக் கிடக்கும். 1991ல வந்த ஆர்எஃப்சி 1213ங்குத இன்டர்நெட் தர ஆவணத்துல, இந்த நம்பரு 1லேருந்து இடைமுகங்களோட மொத்த எண்ணிக்கைக்குள்ளதான் இருக்கணும்னு கட்டு இருந்துச்சு. ஓடுதப்பவே கார்டைக் கழட்டி மாட்டுத காலம் வந்ததும் அதைத் தளர்த்திட்டாங்க, 2000ல வந்த 2863ஐப் பாரும். சுட்டெண்ணுன்னு போடும். அ, இ, உ மூணும் சுட்டுன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, நமக்கென்ன கொறச்சல்?

டவுண்காரர்:
மவுஸும் சுட்டி, பாயிண்டரும் சுட்டி, இப்ப இதுவும் சுட்டெண்ணா? பய எதைன்னு நெனப்பான்? நான் சொல்லுதேன், 'முகவெண்'. முகம், எண், மகரம் கெட்டு வகர உடம்படுமெய். முகம்னா வாய்தான்வே, புன்னைக்காயல்ல ஆறு கடல்ல சேருத எடத்தை முகத்துவாரம்னுதான சொல்லுதோம், நெட்வொர்க்ல போற தகவல் துண்டு, அதான் பாக்கெட்டு, அதும் அந்த மாதிரி வழியாத்தான போவுது.

தென்காசிக்காரர்:
முகவெண்ணை முகவரி எண்ணுன்னு வாசிச்சு ஐபி அட்ரஸ்னு எழுதிட்டு வருவான், மார்க்கு நீரு போடுவீரா?

வள்ளியூர்க்காரர்:
ரெண்டு பேரும் ஆத்துலயும் இலக்கணத்துலயும் நிக்கீங்க. இண்டெக்ஸ்னே போட்டுட்டுப் போங்க, புள்ளைக்குப் புரிஞ்சாப் போதும். வெறும் 'இடைமுக எண்' மட்டும் வேண்டாம், ஈத்0ங்குத இடைமுகப் பேருல உள்ள 0தான் அதுன்னு நெனச்சிருவாங்க. உண்மையில இண்டெக்ஸ்ல 0 எந்த இடைமுகத்துக்கும் கிடையாது, பேரைக் குடுத்து நம்பர் கேட்டு 0 வந்தா அப்படி ஒண்ணு இல்லன்னு அர்த்தம்.

பாளையங்கோட்டைக்காரர்:
அந்த 0 விஷயத்தை நோட்ஸ்ல சேத்துட்டேன், நன்றி. சுட்டெண்ணுக்குத்தான் ஆள் கூட இருக்கு, அதையே போட்டு முதல் தடவை மட்டும் பக்கத்துல இண்டெக்ஸ்னு எழுதிருதேன். ஜெராக்ஸ் கடை அடைக்கப் போறான்.

டவுண்காரர்:
போடும், போடும். கண்டெய்னருக்குள்ள (ஒரே கம்ப்யூட்டர்ல தனியாப் பிரிச்சு ஓட்டுத சூழல்) போயி பாத்தா அங்கனயும் லூப்பேக்கு 1தான், வெளியயும் 1தான், நேம்ஸ்பேஸுக்கு நேம்ஸ்பேஸ் (கெர்னல் தனியாப் பிரிச்சு வச்ச நெட்வொர்க் பகுதி) கணக்கு தனி. ஒரே எண்ணு எடத்துக்கு எடம் வேற ஆளைக் காட்டுனா அது என்னத்தவே சுட்டுது? எனக்கு முகவெண்தான்.

தென்காசிக்காரர்:
'அவன்'னு சொன்னா எல்லா ஊர்லயும் ஒரே ஆளாவே?